கேட்டிருந்தோம்: பிரெஞ்சுக்குப் போக ஆங்கிலப் பாலம் எதற்கு?

பிரெஞ்சு மொழியில் 'ப்ளூஸ்-க-பார்ஃபே' என்று ஒரு காலம் இருக்கிறது. இறந்தகாலத்துக்கும் முந்திய இறந்தகாலம். ஒன்று நடந்தது, ஆனால் அதற்கு முன்னமே இன்னொன்று நடந்து முடிந்திருந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில் வருவது. பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் நம்ம தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் இந்த இடம் வரைக்கும் வந்துவிட்டு, "இது நமக்குச் சரிவராது" என்று கொப்பியை மூடி வைத்துவிடுகிறார்கள். எங்களுடைய கருத்து இதுதான்: பிள்ளைகளிடம் குறை இல்லை, கூட்டிப்போகிற பாதையில்தான் குறை. தமிழிலிருந்து நேராகப் போனால் பத்து நிமிஷத்தில் விளங்கிவிடும் ஒன்றை, ஆங்கிலம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்க் களைக்க வைக்கிறோம்.

"தோட்டத்துல பிரெஞ்சா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. சப்ரகமுவவைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். கித்துல்கலையில் படகு விடும் இடங்கள், பின்னவல யானைகள் சரணாலயம், சிங்கராஜ வனத்தின் இரத்தினபுரிப் பக்க வாசல், உடவளவை. எங்கே போனாலும் வெள்ளைக்காரப் பயணிகள். அதில் பிரான்சிலிருந்து வருபவர்களும் கணிசம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஹோட்டல் வேலைக்குப் போகும் நம்ம பொடியன்களும் பிள்ளைகளும் "போன்ஜூர்", "மெர்சி"யில் ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம் படித்தால் என்ன என்று யோசிக்கிறார்கள். பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் வளர்த்த அம்மா அப்பாவுக்கு அது ஒரு பெரிய ஏணி.

ஏணி இருக்கிறது, ஆனால் அது கொழும்பில் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. க.பொ.த. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பிரெஞ்சு ஒரு பாடம். களனிப் பல்கலைக்கழகத்தில் அதில் பட்டமே படிக்கலாம். அலியான்ஸ் பிரான்சேஸ் வகுப்புகள் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் நடக்கின்றன. நாங்கள் அறிந்த தோட்டப் பாடசாலை எதிலும் பிரெஞ்சுப் பாடம் கிடையாது. ஆகவே நம்ம ஆட்களுக்குக் கிடைப்பது டவுனில் ஒரு சின்ன வகுப்பு, இல்லாவிட்டால் போனில் ஒரு ஆப். இரண்டிலும் விளக்கம் ஆங்கிலத்தில். "ஹேட் போட்டு, அதுக்குப் பிறகு பாஸ்ட் பார்ட்டிசிப்பிள்" என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த 'ஹேட்' என்ன செய்கிறது என்றே சரியாக விளங்காத பிள்ளைக்கு, அதை வைத்துப் பிரெஞ்சு சொன்னால் எப்படி ஏறும்? ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு.

சரி, தமிழிலிருந்தே போய்ப் பார்ப்போம்.

ஒரு வினைச்சொல் எடுப்போம்: 'தெமாந்தே'. எழுத்தில் 'இ-ஆர்' என்று முடியும் முதலாம் வகுப்பு வினை, அதாவது ஒழுங்கான வினை. இதைப் படித்தால் அந்த வகுப்பு வினைகள் ஆயிரக்கணக்கில் கையில் வரும். ஆங்கிலம் வழியாக வருகிறவர் இங்கேயே சறுக்குவார். பார்க்க 'டிமாண்ட்' மாதிரி இருக்கும், ஏதோ அதட்டிக் கேட்பதாகத் தோன்றும். உண்மையில் அதற்கு வெறுமனே 'கேள்' என்றுதான் அர்த்தம். தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சறுக்கல் வர வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது தமிழில் 'கேட்டிருந்தேன்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'கேட்டு' என்பது வினையெச்சம். 'இரு' துணைவினை. 'ந்த்' இறந்தகாலம். 'ஏன்' நான் என்பதற்கான விகுதி. இதெல்லாம் சாதாரண தரத் தமிழ் இலக்கணத்தில் படித்ததுதான். பிரெஞ்சும் இதே இரண்டு துண்டால்தான் செய்கிறது: ஒரு துணைவினை, ஒரு முடிந்துபோன வினை வடிவம். துணைவினை இறந்தகாலத்துக்குப் போகிறது, ஆளுக்கு ஏற்ப மாறுகிறது. முடிந்துபோன வடிவம் அப்படியே நிற்கிறது. ஒரே வித்தியாசம், நமக்குத் துணைவினை பின்னால், அவர்களுக்கு முன்னால்.

ஜாவே தெமாந்தே: நான் கேட்டிருந்தேன்
த்யூ அவே தெமாந்தே: நீ கேட்டிருந்தாய்
இல் அவே தெமாந்தே: அவன் கேட்டிருந்தான்
எல் அவே தெமாந்தே: அவள் கேட்டிருந்தாள்
நூஸ் அவியோன் தெமாந்தே: நாங்கள் கேட்டிருந்தோம்
வூஸ் அவியே தெமாந்தே: நீங்கள் கேட்டிருந்தீர்கள்
இல்ஸ் அவே தெமாந்தே: அவர்கள் கேட்டிருந்தார்கள்

வாய்விட்டு ஒரு தரம் சொல்லிப் பாருங்கள். புத்தகத்தில் இந்த அட்டவணை பயமுறுத்தும், ஏனென்றால் 'அவே' என்ற ஒரே ஓசையை மூன்று விதமாக எழுதுகிறார்கள். காதுக்கு மொத்தமே மூன்று வடிவம்தான்: அவே, அவியோன், அவியே. தமிழில் நம்ம வாய் நாளெல்லாம் இதைவிடக் கூடுதலான விகுதிகளைச் சிரமமில்லாமல் மாற்றிக்கொண்டிருக்கிறது. முதலில் காதால் பிடித்துவிட்டு, எழுத்துக் கூட்டலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலப் பாலத்தில் போனால் இன்னொன்றும் தொலைந்துபோகும். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான். பிரெஞ்சில் 'த்யூ'வும் 'வூ'வும் தனித்தனி, நம்ம 'நீ', 'நீங்க' மாதிரி. யாரை நீ என்பது, யாரை நீங்க என்பது என்று தோட்டத்துப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை. தொரையையும் கணக்கப்பிள்ளையையும் எப்படிக் கூப்பிடுவது, அவர்கள் நம்ம அப்பாவை எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதையெல்லாம் பெரட்டுக்களத்தில் நின்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பல பாடம் படித்துப் பழக வேண்டியதை நாம் பிறந்ததிலிருந்தே பழகியிருக்கிறோம்.

சப்ரகமுவப் பிள்ளைகளுக்குக் கையில் இன்னொரு மொழியும் இருக்கிறது. நம்ம தோட்டங்களைச் சுற்றிச் சிங்களக் கிராமங்கள். கடையிலும் பஸ்ஸிலும் விளையாட்டிலும் சிங்களம் தானாக வந்துவிடுகிறது. "எயா அஹலா திபுணா" என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அவர் கேட்டிருந்தார். அங்கேயும் அதே கட்டுமானம்: முடிந்துபோன வினை, பின்னால் இறந்தகாலத்தில் ஒரு துணைவினை. தமிழ் 'கேள்' மாதிரியே சிங்கள 'அஹனவா'வுக்கும் காதால் கேட்பது, கேள்வி கேட்பது என்று இரண்டு அர்த்தமும் உண்டு. ஆக, ப்ளூஸ்-க-பார்ஃபேயைப் புரிந்துகொள்ள இரண்டு மொழியில் சாவி வைத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, மூன்றாவது மொழி தெரியாததால் நீ தகுதியில்லை என்கிறோம்.

தமிழ் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் நாலு இருக்கின்றன. அவற்றையும் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

முதலாவது, நம்ம பேச்சு. "ஸ்டாண்டுக்குப் போறப்ப பஸ் போயிருச்சி" என்கிறோம். "போயிருந்துச்சி" என்று அநேகமாகச் சொல்வதில்லை. எது முந்தி, எது பிந்தி என்பது கேட்பவருக்குத் தானாக விளங்கிவிடும். பிரெஞ்சுக்காரர் அந்த இடத்தில் ப்ளூஸ்-க-பார்ஃபே போட்டே ஆக வேண்டும். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், இரண்டில் எது முதலில் முடிந்தது என்று பார்க்கப் பழக வேண்டும். முதலில் முடிந்ததற்குத்தான் இந்தக் காலம்.

இரண்டாவது, துணைவினை. தமிழில் எல்லாவற்றுக்கும் 'இரு' ஒன்றே. "எனக்கு வீடு இருக்கு" என்பதும் 'இரு', "நான் வீட்டுல இருக்கேன்" என்பதும் 'இரு'. பிரெஞ்சில் அது இரண்டு வினை: வைத்திருப்பதற்கு 'அவுவார்', இருப்பதற்கு 'எத்ர'. பெரும்பாலான வினைகள் முதலாவதை எடுக்கும். வருவது, போவது, நுழைவது, விழுவது, தங்குவது என்று பதினைந்து சொச்சம் வினைகள் இரண்டாவதை எடுக்கும். 'நூஸ் எதியோன் அரிவே', நாங்கள் வந்து சேர்ந்திருந்தோம். பார்க்கப்போனால் 'வந்திருந்தோம்' என்பதற்கு இதுதான் சொல்லுக்குச் சொல் சரி. அந்தப் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், குறுக்குவழி இல்லை.

மூன்றாவது, அந்த 'எத்ர' எடுக்கும் வினைகளில், முடிந்துபோன வடிவமும் ஆணா பெண்ணா, ஒருமையா பன்மையா என்று பார்த்து எழுத்தில் மாறும். 'அவன் வந்தான், அவள் வந்தாள், அவர்கள் வந்தார்கள்' என்று மாற்றிப் பழகிய நமக்கு அந்த எண்ணம் புதிதில்லை, மாறும் இடம்தான் புதிது.

நாலாவது, எதிர்மறை. "கேட்டிருக்கிறேன்", "கேட்டிருந்தேன்" இரண்டுக்கும் எதிர்மறை தமிழில் "கேட்டிருக்கவில்லை" ஒன்றுதான். காலம் அழிந்துபோய்விடுகிறது. பிரெஞ்சில் அழியாது: 'நூ நாவியோன் பா தெமாந்தே'. அந்த நேரம் வரைக்கும் நாங்கள் கேட்டிருக்கவில்லை என்று துல்லியமாக நிற்கும்.

இனி இந்தக் காலத்தின் ருசியான பக்கம். 'ஸி' என்ற சொல்லை முன்னால் போட்டால் அது 'இருந்தால்' ஆகிவிடும்.

ஸி நூஸ் அவியோன் தெமாந்தே, இல்ஸ் ஓரே தோனே: கேட்டிருந்தால், கொடுத்திருப்பார்கள்.

'கேட்டிருந்தா' ஒரு பக்கம், 'கொடுத்திருப்பாங்க' மறுபக்கம். 'இருந்தா'வுக்கு ப்ளூஸ்-க-பார்ஃபே, 'இருப்பாங்க'வுக்கு 'ஓரே'. அச்சு அசலாக ஒன்றுக்கொன்று. ஆங்கிலத்தில் இதே வாக்கியத்துக்குப் பிள்ளைகள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். நம்ம லயத்து வாசல்களில் இந்த வாக்கியம் ஓயாமல் கேட்கும். படிச்சிருந்தா நல்லாயிருந்திருப்பான். காணி இருந்திருந்தா இங்க கிடந்திருக்க மாட்டோம். இந்த இலக்கணத்தில் நம்மைவிடப் பழகியவர்கள் யார்?

இந்தக் காலத்தின் மேல் எங்களுக்கு இவ்வளவு ஆர்வம் வரக் காரணம் இதுவும்தான். எது முந்தி நடந்தது என்பது நம்ம வரலாற்றில் சின்ன விஷயம் இல்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது 2021 மார்ச்சில். அதற்குப் பல வருஷம் முன்னாலேயே நாம் கேட்டிருந்தோம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்ம ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அதற்கு முந்திய வருஷம் நடந்த 1947 பொதுத் தேர்தலில் அவர்கள் வாக்களித்திருந்தார்கள். 'வாக்களி' என்பதும் பிரெஞ்சில் ஒழுங்கான முதலாம் வகுப்பு வினைதான்: இல்ஸ் அவே வோதே. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். எங்கே வாழ விருப்பம் என்று அந்த மக்களை அதற்கு முன் யாரும் கேட்டிருக்கவில்லை. 'வாக்களித்தார்கள்', 'பறித்தார்கள்' என்று தனித்தனியாக எழுதினால் இரண்டு சம்பவம். 'பறித்தபோது அவர்கள் ஏற்கெனவே வாக்களித்திருந்தார்கள்' என்று எழுதினால் அநியாயம் தெரிகிறது. ஒரு இலக்கண வடிவம் செய்கிற வேலை அது.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு இது இன்னும் கடுமையான விஷயம். பிரான்சில் அகதி அந்தஸ்து கேட்பவர் ஓஃப்ப்ராவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தைப் பிரெஞ்சில்தான் எழுத வேண்டும். ஆமி வந்தபோது வீட்டில் இருந்தாரா, அதற்கு முன்னமே வெளியேறியிருந்தாரா என்பது வினையின் காலத்தில் தொங்கும் விஷயம். 2024 ஜனவரியில் வந்த குடிவரவுச் சட்டப்படி, 2026 ஜனவரியிலிருந்து பத்து வருஷ வதிவிட அட்டைக்கு பி-1 மட்டப் பிரெஞ்சு வேண்டும், பிரஜாவுரிமைக்கு பி-2. ப்ளூஸ்-க-பார்ஃபே வழக்கமாகப் படிப்பிக்கப்படுவது அந்த பி-1 மட்டத்தில். மலையகத்திலிருந்து அங்கே போனவர்கள் குறைவுதான். ஆனாலும் நம்ம மொழியைப் பேசும் எத்தனையோ குடும்பங்கள் இந்த அட்டவணைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கின்றன.

எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் சில உண்டு.

"கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்குமே ஆசிரியர் இல்லாத பாடசாலைகள், இதில பிரெஞ்சு ஒரு கேடா?" கோபம் நியாயமானது. அந்த ஆசிரியர்களைக் கேட்டுப் போராடுவதை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. ஆனால் நாங்கள் சொல்லும் முறை பிரெஞ்சுக்கு மட்டும் இல்லை. ஆங்கிலப் பாடத்தில் வரும் 'ஹேட் ஆஸ்க்ட்' கூட 'கேட்டிருந்தேன்'தான். அதையும் யாரும் இணைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழ் டீச்சர் துணைவினை படிப்பிக்கிறார், அடுத்த பாடவேளையில் இங்கிலிஷ் டீச்சர் டென்ஸ் படிப்பிக்கிறார், இரண்டும் ஒரே சமாச்சாரம் என்று பிள்ளைக்குக் கடைசிவரை தெரிவதில்லை.

"இங்கிலிஷ் இல்லாம பிரெஞ்சு படிச்சு என்ன செய்யப் போறீங்க?" செனகலிலும் ஐவரி கோஸ்டிலும் கோடிக்கணக்கானவர்கள் ஆங்கிலத்தைத் தொடாமல் பிரெஞ்சு படிக்கிறார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பாண்டிச்சேரியில் மூசே, துப்புய் என்ற இரண்டு பாதிரிமார் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855இலும் 1862இலும் இரண்டு பாகங்களாக வந்தது. காரைக்காலில் வளர்ந்த ஜூலியன் வேன்சோன் பாரிஸில் தமிழ் படிப்பித்து, 1903இல் பிரெஞ்சிலேயே ஒரு தமிழ்க் கைநூல் வெளியிட்டார். நேர்ப்பாதையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னமே போட்டிருந்தார்கள். பாதிரிமாரும் பேராசிரியர்களும் நம்ம மொழிக்குள் வரப் போட்ட அந்தப் பாதையில், நாம் எதிர்ப்பக்கமாக நடந்தால் போதும்.

அதே நூற்றாண்டில் இன்னொரு பயணமும் நடந்தது. நம்ம முன்னோர் கோப்பித் தோட்டத்துக்கு இங்கே வந்துகொண்டிருந்த காலத்தில், பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழ்க் கூலிகள் ரியூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறார்கள். வீட்டு மொழியாகத் தமிழ் அவர்களிடம் மிஞ்சவில்லை. அவர்கள் தமிழை இழந்து பிரெஞ்சுக்குப் போனார்கள். தமிழை வைத்துக்கொண்டே போகும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது.

"ஒரு மொழிய அந்த மொழியிலயே படிக்கிறதுதான் நல்லது" என்றும் சொல்வார்கள். பேசிப் பழக அது சரி. ஆனால் கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் மட்டும் ஒதுக்க முடிந்த, பகலில் வேலைக்குப் போகிற ஒருவருக்குத் தாய்மொழியில் ஒரு பக்க விளக்கம் பல நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஆகவே எங்களுடைய யோசனைகள் மூன்று. ஒன்று, பிரெஞ்சு தெரிந்த நம்ம ஆட்கள் ஒரு காலத்துக்கு ஒரு பக்கம் என்று தமிழில் எழுதிப் பகிர வேண்டும். யூடியூப்பில் தமிழில் பிரெஞ்சு சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் டேட்டா முடிந்தாலும் கையில் நிற்பது தாள்தான். இரண்டு, உதாரண வாக்கியங்கள் நம்ம வாழ்க்கையிலிருந்து வரட்டும். போலும் மாரியும் ஓபரா பார்க்கப் போயிருந்தது நமக்கு எதற்கு? "கணக்கப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடி அம்மா ஒரு கூடை கொழுந்து பறிச்சிருந்தாங்க" என்று படித்தால் எது முந்தி, எது பிந்தி என்று எந்தப் பிள்ளைக்கும் குழம்பாது. மூன்று, தமிழ் இலக்கணத்தைப் பரீட்சைக்கு மட்டும் என்று நினைப்பதை நிறுத்துவோம். வினையெச்சமும் துணைவினையும் தெரிந்தவருக்கு வேறு மொழியின் கதவு பாதி திறந்தே இருக்கிறது.

தொடங்குவதற்கு வகுப்பு, கட்டணம் எதுவும் வேண்டாம். இன்று ராத்திரி வீட்டில் பேசும்போது 'இருந்தேன்', 'இருந்தாங்க', 'இருந்தா' என்று முடியும் வாக்கியங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துச் சேர்ந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள். அவற்றைப் பிரெஞ்சில் எழுதி, தமிழ் விளக்கத்தோடு முதல் தாளாக வெளியிடுவோம்.